இறம்பொடை இறக்கத்தில் ஒரு வேன் சாவி

ஜெஸீமாவின் கருவாடுதான் நாறுகிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து வேன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, பனி மூடியிருந்தது. தெரியாமல் இருந்ததும் நல்லதுதான். குளிருக்குப் பயந்து பெண்கள் யன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். தைலமும் தோடம்பழத் தோலும் மணந்த அந்த வேனுக்குள் ஏதோ தீய்கிற நாற்றம் மெல்ல எழும்பியது.

“ஜெஸீமா, உன்ட கருவாட்டுப் பையைத் திறந்து பாருடி. நாறுது.”

“எண்ட கருவாடு முழுக்க நேத்தே நுவரெலியாவில குடுத்து லீக்ஸும் கரட்டும் வாங்கியாச்சு. அப்புடியே மிச்சம் இருந்தாலும் கருவாடு தன்பாட்டுக்கு எரியுமா? உங்கட மூக்கைத்தான் டொக்டரிட்டக் காட்டணும்.”

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த வளைவுக்குப் பிறேக்கை மிதித்தேன். கால் வழமையைவிட ஆழமாகப் போனது. அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

முன்சில்லுப் பக்கமிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பனி என்று நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் பனி நாறாதே.

வளைவைத் தாண்டியதும் ஒரு தேத்தண்ணிக் கடை, அதன் முன்னால் கொஞ்சம் அகலமான இடம். அல்லாஹ் காட்டிய இடம் என்றுதான் இன்றும் சொல்வேன். வேனை ஓரங்கட்டி, ஹேண்ட் பிறேக்கை இழுத்து, சாவியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். நகை பறிகொடுக்கப் போகிறவள் மாதிரி அப்படிப் பொத்திக்கொண்டேன்.

ஏன் என்று சொல்வதற்கு முதலில் ஊரைச் சொல்ல வேண்டும்.

புகைபோக்கிதான் எங்கள் மலை

நுரைச்சோலையில் உயரமான பொருள் ஒன்றுதான் உண்டு, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கடலுக்குப் போகிறவர்கள் அதை வைத்துத்தான் கரையை மதிப்பார்கள். அதை விட்டால் மின்சாரக் காற்றாடிகள். அதையும் விட்டால் தென்னை. மற்றதெல்லாம் சோற்றுத் தட்டு மாதிரித் தட்டை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணலும் வெங்காயப் பாத்தியும்.

எங்கள் றோட்டில் வாகனம் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. பிறேக் என்பது கழுதைகளுக்காக. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கழுதைகள் றோட்டின் நடுவில் நின்று யோசிக்கும். நாம் நிற்க வேண்டும், அது யோசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு போக வேண்டும். வளைவு என்றால் பாலாவிக்குப் போகிற வழியில் இருப்பவைதான். அவற்றை வளைவு என்று ஒரு நுவரெலியாக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் மாப்பிள்ளை நௌஷாத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: என்னைக் கட்டியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியவர், மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கால் உடைந்ததால் கிளச் மிதிக்க முடியாமல் போனவர். வேனில் பாதி அவருடையது. மற்றப் பாதி அவருடைய மூத்த சகோதரர் ஹனீபா மச்சானுடையது.

எரிபொருள் வரிசை என்னும் பள்ளிக்கூடம்

நான் வாகனம் ஓட்டப் பழகிய கதையைக் கேட்டால் மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

டீசலுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்த காலம் அது. நௌஷாத்தின் கால் கட்டுக்குள் இருந்தது. வரிசையில் வேனோடு யாராவது இருக்க வேண்டுமே? போய் உட்கார்ந்தேன். வரிசை நகரும்போது யாரும் என்ஜினைப் போடமாட்டார்கள். இருக்கிற சொட்டும் போய்விடும். பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுவார்கள். உள்ளே இருப்பவர் நியூட்ரலில் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, நிற்க வேண்டிய இடத்தில் பிறேக்கை மிதிக்க வேண்டும். ஆகவே நான் முதன்முதலில் வேன் ஓட்டியது என்ஜின் இல்லாமல்தான்.

பிறகு லைசன்ஸ் எடுத்தேன். பள்ளிக்கூட ஓட்டத்தைப் பொறுப்பெடுத்தேன். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், பெற்றோர் பழகிவிட்டார்கள், கழுதைகளும் பழகிவிட்டன. ஆனால் அந்த வரிசைக் காலப் பழக்கம் ஒன்று எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோரிலும் ஒட்டிக்கொண்டது. சந்தி தூரத்தில் தெரிந்ததுமே நியூட்ரலில் போட்டு வண்டியைச் சும்மா உருள விடுவோம். “சும்மா போறதுக்கு எதுக்கு டீசல்?” என்பது எங்கள் பக்கத்துக் கதை. தட்டை நிலத்தில் அது சிக்கனம். மலையில் அது என்ன என்று எங்களில் எவருக்கும் தெரியாது, ஏனென்றால் எங்களிடம் மலையே இல்லை.

ஒரு நிபந்தனை

ட்ரிப் போகும் யோசனை ஜெஸீமாவுடையது. எங்கள் பக்கத்து வீடு. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். அவளுக்கு வாய் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவாள். ஒருநாள் வந்து கேட்டாள்:

“பரீதா, நீ ஓட்டுறதெண்டா ஆம்பிளையள் இல்லாம நாங்க மட்டும் மலைநாட்டைப் பாத்துட்டு வரலாம்தானே? பொம்பிளை டிரைவர் எண்டா எங்கட வீட்டிலயும் ஓம் எண்டுவாங்க.”

ஒரே கிழமையில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதிப்பேர் தம்புள்ளையைத் தாண்டியதில்லை. சிலர் சிலாபம் ஆஸ்பத்திரியைத் தாண்டியதில்லை.

ஹனீபா மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டு நம்பிக்கை உண்டு. ஒன்று அல்லாஹ். மற்றது, மலை றோட்டு பெண்ணுக்குச் சரிவராது.

“போங்க,” என்றார் கடைசியில். “நான் தடுக்கல்ல. ஆனா ஒண்டு. மலையில பயந்துபோய் சாவியை வேற ஒரு ஆம்பிளைக்கிட்டக் குடுத்து ஓட்டச் சொன்னீங்க எண்டு எண்ட காதில விழுந்தா, அதோட ட்ரிப் கதை முடிஞ்சிது. வேன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் ஓடும். என்ன?”

“ஓம் மச்சான்,” என்றேன்.

தன் மனைவி ஸனூரா ராத்தாவையும் எங்களோடு அனுப்பினார். ஊர் பார்க்க அனுப்பினாரா, என்னைப் பார்க்க அனுப்பினாரா என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

ஆறு முடிகிற ஊர்க்காரர்

இங்கே கொஞ்சம் விலகிப் போக அனுமதியுங்கள்.

நான் எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு, சிறுபிள்ளையாக, உம்மாவின் மடியில் படகில் கற்பிட்டிக்கு வந்தேன். ஆயுதத்தோடு வந்தவர்கள் ஊர் முஸ்லிம்களை எல்லாம் எழும்பிப் போகச் சொன்னார்கள், வந்தோம். அதற்குப் பிறகும் என் பயணங்கள் எல்லாம் அந்த மாதிரித்தான். முகாமிலிருந்து குடியிருப்புக்கு, பதிவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவு விழுந்த மையித்து வீட்டுக்கு. போக வேண்டி வந்ததால் போனவை. ஒரு இடம் அழகாக இருக்கும் என்பதற்காக, பார்க்க ஆசைப்பட்டு, நாற்பது வயதுவரை நான் எங்கும் போனதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் இந்த அத்தியாயம் கோபத்தைப் பற்றியது இல்லை.

விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வேனில் பாதி இடத்தைப் பெரிய சட்டியும் சஹன்களும் பிடித்துக்கொண்டன. சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அது இல்லாமல் எங்கள் ஆட்கள் சந்திரனுக்கும் போகமாட்டார்கள்.

புத்தளத்தில் மீ ஓயா. குருநாகலுக்குப் போகும் வழியில் தெதுறு ஓயா. பாலம் வரும்போதெல்லாம் ஜெஸீமா எழும்பி நின்று, “இது எந்த ஆறு?” என்பாள். எங்களுக்கு ஆற்றின் கடைசிதான் தெரியும். மீ ஓயா எங்கள் களப்பில் வந்து சேரும். தெதுறு ஓயா சிலாபத்தில் கடலுக்குள் போகும். சேற்று நிறத்தில், களைத்துப்போய், உப்போடு கலந்த பிறகுதான் ஆறு எங்களுக்கு அறிமுகம். அதே தெதுறு ஓயாவை அடியில் கிடக்கும் கல்லும் தெரிகிற தெளிவோடு பார்த்தபோது ஸனூரா ராத்தா, “மாஷா அல்லாஹ், இது சின்ன வயசில நல்ல வடிவாத்தான் இருந்திருக்கு,” என்றார்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி. அகலமாக, அவசரமில்லாமல் போனது.

“இது எங்கட பக்கம் வாறல்லையா?”

“இல்ல. இது திருகோணமலைக்குப் போகுது,” என்றேன்.

“அப்ப இதைப் பாக்க நாமதான் வரணும்,” என்றாள் ஜெஸீமா.

கம்பளையைத் தாண்டி ஏறத் தொடங்கினோம். ஏற்றம் எனக்குப் பயம் தரவில்லை. ஏறும்போது வேன் தானே சொல்லும், கியரைக் குறை, இன்னும் குறை என்று. முக்கும், முனகும், நாம் கேட்டால் போதும். கொத்மலை நீர்த்தேக்கம் பள்ளத்தில் பச்சையாகத் தெரிந்தது. இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்டபோது வேனில் ஒருவரும் பேசவில்லை. இந்தப் பெண்கள் பேசாமல் இருந்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய நீர்வீழ்ச்சி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நுவரெலியாவில் தங்கினோம். குளிரில் பல் கிடுகிடுக்கக் குளத்தைச் சுற்றி நடந்தோம். அடுத்த நாள் காலையில் தங்கிய வீட்டிலேயே கோழி போட்டுச் சோறாக்கி, சட்டியை மூடிக் கட்டி ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம்.

இறக்கம்தானே என்று நான் நியூட்ரலில் போட்டேன். சும்மா போறதுக்கு எதுக்கு டீசல்?

“சாவிய குடுங்கக்கா”

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஜெஸீமா யாரும் சொல்லாமலே இரண்டு பெரிய கல்லைத் தூக்கிவந்து சில்லுக்கு முண்டு கொடுத்தாள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு புகைக்கிற சில்லுப் பக்கம் போனாள்.

“ஐயோ, தண்ணி ஊத்தாதீங்க!” என்று கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

மரக்கறி லொறி டிரைவர். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பெயர் சிவலிங்கம். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார்.

“சூடா இருக்கப்போ பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிரும்க்கா. தானா ஆறணும். நியூட்ரல்ல வந்தீங்களா?”

“ஓம்.”

“கீழ்நாட்டு வண்டிக எல்லாம் இப்பிடித்தாங்க்கா வருது. கியர்ல போட்டா என்ஜினே புடிச்சுக்கும், பிரேக்குக்கு வேல கொறைவு.” பிறகு பெண்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். “ஆறின பொறகு சாவிய குடுங்கக்கா. நான் புசல்லாவ வரைக்கும் எறக்கி விட்டுர்றேன். என் கிளீனர் லொறிய கொண்டாருவான். காசெல்லாம் வேணாம்.”

நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

நான் வாய் திறக்குமுன் ஸனூரா ராத்தா முந்திக்கொண்டார். “குடு பரீதா. அல்லாவுக்காகக் குடு. உசிரோட வீட்ட போவோம்.”

“குடுத்தா மச்சான் என்ன சொன்னாரெண்டு தெரியும்தானே ராத்தா?”

“அவர் சொல்லுறதா பெரிசு? எண்ட மூணு பிள்ளையளும் வீட்டில நிக்கிது.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. பன்னிரண்டு பேரின் உயிர் என் வீம்பைவிடப் பெரிது. அது எனக்கும் தெரியும். ஆனால் சாவியைக் கொடுத்தால் இந்தப் பெண்களுக்கு இனி மலையும் இல்லை, ஆறும் இல்லை. பயத்தில் கொடுக்கவும் கூடாது, வீம்பில் வைத்திருக்கவும் கூடாது.

யோசித்துச் சொன்னேன். “சிவலிங்கம் தம்பி, சாவி தரமாட்டன், குறை நினைக்க வேணாம். ஆனா உங்கட உதவி வேணும். பிறேக் நல்லா ஆறட்டும். நீங்களே பாத்துச் சரியெண்டு சொன்னாத்தான் எடுப்பன். நீங்க உங்கட லொறியில முன்னால மெதுவாப் போங்க. நீங்க போற கியர்ல, போற வேகத்தில, நான் பின்னால வாறன். ஏலுமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “பின்னாலயே வருவீங்களா? முந்த மாட்டீங்களே?”

“கழுதைக்கே நிண்டு குடுத்துப் பழகினவள் நான். உங்களை முந்தப் போறனா?”

சிரித்துவிட்டார். பெண்களிடம் திரும்பிச் சொன்னேன்: “பயமுள்ளவங்க பஸ்ஸில போங்க, நான் கோவிக்க மாட்டன். கம்பளையில வந்து ஏத்திக்கிறன்.”

ஸனூரா ராத்தா வேனுக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். மற்றவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் போனால் பாதிப்பேர் போவார்கள்.

ஆறாவது இடம்

பிறேக் ஆறும்வரை சும்மா நிற்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டு, கொட்டகைக்குள் பாயை விரித்து, ஜெஸீமா சட்டியைத் திறந்தாள். அந்தக் குளிரில் சோற்று ஆவி எழும்பிய அழகை என்னால் எழுத முடியாது. சிவலிங்கத்துக்கும் கடைக்காரருக்கும் தனித் தட்டில் நிறைய வைத்துக் கொடுத்தோம்.

பிறகு இரண்டு சஹன் வைத்தாள். நான் இருந்த சஹனில் ஐந்து பேர்தான். ஆறாவது இடம் ஸனூரா ராத்தாவுடையது.

ஆள் குறைந்திருக்கும்போது சஹனில் கை வைக்கக் கூடாது, அது எங்கள் வீடுகளின் ஒழுக்கம். ஒருவர் வரவேண்டியிருந்தால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். சோறு ஆறினாலும் காத்திருப்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒரு பஸ் வந்தது. நின்றது. போனது.

ஸனூரா ராத்தா பையோடு திரும்பி வந்தார். “சோத்தைப் பாழாக்குறீங்க,” என்று ஏசிக்கொண்டே கையைக் கழுவி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். நாங்கள் சாப்பிட்டோம். நல்ல கோழித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டது அவர்தான்.

சாப்பிட்டு முடித்து அவர் வேனில் ஏறியது பின்சீட்டில் இல்லை. முன்னால், எனக்குப் பக்கத்தில். “நான் லொறியைப் பாத்துச் சொல்லுறன். நீ றோட்டைப் பார்,” என்றார்.

சிவலிங்கம் குனிந்து சில்லைப் பார்த்தார், உள்ளே ஏறிப் பிறேக்கை மிதித்துப் பார்த்தார், இறங்கித் தலையாட்டினார். கோவா மூட்டைகள் ஏற்றிய மரக்கறி லொறி முன்னால் ஊர்ந்தது. நான் செகண்ட் கியரில் போட்டுப் பின்னால் போனேன். என்ஜின் உறுமியது. வேன் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்குவதைக் காலில், முதுகில் உணர்ந்தேன். வளைவுகளில் மட்டும் பிறேக்கைத் தொட்டேன். இரண்டு இடத்தில் லொறி இன்னும் முனகியது. நானும் ஃபர்ஸ்ட்டுக்கு மாற்றினேன். பின்னால் பெண்கள் நபி மீது ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். முதலில் பயத்தில் சொன்னார்கள். போகப் போக அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

புசல்லாவையில் சிவலிங்கம் கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார். என் முதுகு நனைந்திருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: அன்று கம்பளைப் பாலத்தில் மகாவலியைக் கடந்தபோது, இந்த நாட்டில் எந்த றோட்டும் எனக்குரியதுதான் என்று நினைத்தேன். படகில் வந்த பிள்ளை அப்படி நினைப்பது சின்ன விஷயம் இல்லை.

வாசலில்

நுரைச்சோலைக்கு வரும்போது அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்திருந்தது. ஹனீபா மச்சான் வாசலில் நின்றார். நௌஷாத் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

மச்சான் என்னைக் கேட்கவில்லை. மனைவியைத்தான் கேட்டார். “என்ன, பிரச்சினை ஏதும் இல்லையே?”

மறைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

“இருந்திச்சு,” என்றார் ஸனூரா ராத்தா. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “இறம்பொடையில பிறேக் புகைஞ்சிது. நியூட்ரல்ல விட்டிட்டா, உங்களிட்டயும் தம்பியிட்டயும் பழகின பழக்கம்தானே. ஒரு லொறிக்காரத் தம்பி சாவியைக் கேட்டார். நானும் குடு குடு எண்டு கத்தினன். இவ குடுக்கல்ல. நிப்பாட்டினா, ஆற விட்டா, கேட்டா, பிறகு பக்குவமா இறக்கினா. நீங்களா இருந்தா நிப்பாட்டியிருக்கவும் மாட்டீங்க, கேட்டிருக்கவும் மாட்டீங்க. அந்தப் பள்ளத்துக்குள்ள கிடந்திருப்பம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நௌஷாத் சிரிப்பை அடக்க முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் வேனடிக்கு வந்தார். முன்சில்லுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்டதெல்லாம் தேத்தண்ணி, சாப்பாடு, பிள்ளைகள் பற்றித்தான்.

“எந்த கியர்ல இறக்கின?” என்று கேட்டார்.

“செகண்ட்ல மச்சான். ரெண்டு இடத்தில ஃபர்ஸ்ட்.”

“லோட் இருந்தா ஃபர்ஸ்ட்தான் சரியா வரும் என்ன?”

“ஓம். ஆனா வளைவுக்கு முந்தியே போட்டிரணும். வளைவுக்குள்ள போட்டா இழுக்கும்.”

“ம்,” என்றார். நௌஷாத்தின் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார். தனக்கென்று நினைத்தேன். அவர் நின்றபடியே இருந்தார்.

“இரி,” என்றார் என்னைப் பார்த்து. “மற்ற வளைவுகளையும் சொல்லு.”